பீரோ மேல் ஏறிய கிட்டைக் கீழே இறக்குவது எப்படி

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு ஆர்டுயினோ ஸ்டார்ட்டர் கிட் ஒன்று வாங்கிக் கொடுத்தார்களாம். ஆர்டுயினோ என்பது நாம் எழுதும் புரோகிராமின்படி விளக்கு, மோட்டாரையெல்லாம் இயக்கும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. முதல் வாரம் எல்இடி எரிந்தது, பஸ்ஸர் கத்தியது, சின்ன மோட்டார் திரும்பியது. மூன்றாவது வாரம் பெட்டி பீரோ மேல் போய்விட்டது. அப்பாவின் தக்காளித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் பாய வேண்டும் என்பது பாப்பாவின் ஆசை. வீட்டில் யாருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஓசூருக்கு வகுப்புக்கு அனுப்பவும் வசதிப்படாது. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் கண்ட்ரோல் பேனல்களோடு வேலை பார்த்தவன் நான். இப்போது கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் இதே கிட்டோடு வந்து உட்காருகிறார்கள். அவர்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் பாப்பாவுக்கு ஆர்வம் குறையவில்லை. கிட்டோடு வரும் புத்தகம் இந்தக் கம்பியை இங்கே செருகு, இந்த புரோகிராமை ஏற்று என்கிறது. பிள்ளை செருகுகிறது, ஏற்றுகிறது, ஓடுகிறது. ஓடியதும் அடுத்த பக்கம். இப்படி முப்பது பாடம் முடித்த பிள்ளையிடம் சொந்தமாக ஒன்று செய்து காட்டு என்றால் கை நகராது. அந்த முப்பதிலும் ஒரு தடவைகூட அது தானாக யோசிக்க வேண்டி வரவில்லையே!

அதனால் திண்ணையில் நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. புரோகிராமை ஏற்றும் முன், என்ன நடக்கும் என்று நோட்டில் எழுத வேண்டும். எண் வரும் என்றால் எண்ணாகவே எழுத வேண்டும். அப்புறம்தான் ஏற்றலாம். எழுதியதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் சந்தோஷம். வேறாக இருந்தால் அன்றைக்குப் பாடம் அதுதான், அடுத்த பக்கம் போகக் கூடாது. இதைக் கண்காணிக்க உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. நோட்டில் எழுதியிருக்கிறாளா, வந்த எண்ணைப் பக்கத்தில் குறித்திருக்கிறாளா என்று பார்த்தால் போதும்.

எண்ணைச் சரிபார்க்க, வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். கிட்டில் பெரும்பாலும் அது இருக்காது. அடுத்த பெரிய கிட்டுக்குச் செலவழிக்க நினைத்திருந்தால் அதை நிறுத்திவிட்டு, சில நூறு ரூபாயில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை வாங்குங்கள். ஒரு கண்டிப்பு: அதன் முனைகளைச் சுவர் பிளக்கில் வைக்கவே கூடாது. போர்டின் 5 வோல்ட்டோடு நிற்கட்டும்.

முதல் நாள் மாலைக்கு ஒரு எல்இடி போதும். முதல் வாரம் எரிய வைத்த அதே சிவப்பு எல்இடி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதே 220 ஓம் ரெசிஸ்டர். ஆனால் இந்த முறை கணக்கோடு. போர்டு கொடுப்பது 5 வோல்ட். சிவப்பு எல்இடி தனக்கென்று ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழ வேண்டும். 3-ஐ 220-ஆல் வகுத்தால் 0.0136, அதாவது 13.6 மில்லி ஆம்பியர். இதை முதலில் நோட்டில் எழுதட்டும். பிறகு மீட்டரின் இரண்டு முனைகளையும் ரெசிஸ்டரின் இரண்டு கால்களிலும் வைக்கட்டும். 3-க்குக் கிட்டத்தில் ஒரு எண் வரும். சரியாக 3 வராது. ஏன் வரவில்லை என்று அவளே தேடினால், யுஎஸ்பி-யிலிருந்து வருவது பெரும்பாலும் முழு 5 வோல்ட் இல்லை, கொஞ்சம் குறைவு என்பதை மீட்டரே காட்டிக்கொடுக்கும். அடுத்து சிவப்பை எடுத்துவிட்டு நீல எல்இடியைப் போடட்டும். நீலம் சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ரெசிஸ்டரில் எவ்வளவு விழும், மின்னோட்டம் எவ்வளவு? பள்ளியில் ஓம் விதி என்று எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை, அந்த விதியைத் தன் கையால் பிடிப்பது இங்கேதான். கிட்டில் இருக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு பின்னிலிருந்து (கம்பி செருகும் துளை) 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பது நல்லது, 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை நேராகப் போடாதே என்று புத்தகம் சொல்வதன் காரணம் இந்தக் கணக்கைப் போட்டவளுக்குத் தானாகப் புரியும்.

ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். இப்போதைய கிட்டுகளில் வரும் நீல உடம்பு ரெசிஸ்டரில் சிவப்பு எது, பழுப்பு எது என்று எனக்கே ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரிவதில்லை. மீட்டரை ஓமில் வைத்து அளந்து, தாளில் ஒட்டி எழுதி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

கம்பிகளைச் செருகிச் சர்க்யூட் போடும் ஓட்டைப் பலகையான பிரெட்போர்டையும் புத்தகப் படத்தை நம்பாமல் மீட்டரால் தடவிப் பார்க்கட்டும். கன்டினியூட்டியில் வைத்தால் இணைப்பு இருக்கும் இடத்தில் பீப் அடிக்கும். நடுப்பள்ளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஐந்து ஐந்து ஓட்டைகள் ஒரு கூட்டம். ஓரத்தில் நீளமாக ஓடும் இரண்டு வரிசைகள் மின்சாரத்துக்கு. சில பெரிய பிரெட்போர்டுகளில் இந்த ஓர வரிசை பாதியில் அறுந்திருக்கும். அது தெரியாமல் மறுபாதியில் செருகிவிட்டு, புரோகிராமில் தப்பைத் தேடித் தேடி அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா கம்பி இருக்காது. அதற்கும் சரியாகவில்லை என்றால், விலை குறைந்த போர்டுகளில் இருக்கும் சிஎச்340 சிப்புக்கான டிரைவர் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட வேண்டியிருக்கும். போர்டு எதற்கும் ஒத்துவரவில்லை என்றாலும் பரவாயில்லை, டிங்கர்கேட் தளத்தில் ஊனோவை வைத்து பிரவுசரிலேயே இலவசமாகச் சர்க்யூட் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அங்கே கம்பி தளர்வதில்லை, துரு பிடிப்பதில்லை. பாதிப் பாடம்தான் அங்கே கிடைக்கும்.

பாப்பாவுக்கு இங்கிலீஷ் தடையாக இருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். தொடக்கத்தில் புரோகிராம் எழுதும் இந்த மொழியில் தேவைப்படுவது இருபது முப்பது சொற்கள்தான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டுத் தமிழிலேயே குறிப்பு எழுதலாம், போர்டு அதைக் கண்டுகொள்ளாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்டுயினோ பொறியாளர்களுக்காகப் பிறந்தது இல்லை. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா என்ற சிற்றூரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்கள் கையாளும்படி மாசிமோ பான்சியும் கூட்டாளிகளும் செய்தது. அந்த ஊரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட அர்டுயின் அரசனின் பெயரில் அங்கே ஒரு பார் இருந்தது, அந்தப் பெயரைத்தான் போர்டுக்கு வைத்தார்கள். தெரியாதவர்களுக்காகவே செய்த பொருள் என்பதைப் பாப்பாவிடம் சொல்லுங்கள், பயம் பாதி குறையும்.

கிட்டில் இரண்டு வரி எல்சிடி திரை இருந்தால் அதில் தமிழ் வராது என்று விட்டுவிட வேண்டாம். நாமே வரையும் எட்டு எழுத்துகளுக்கு அதில் இடம் உண்டு. ஒவ்வொன்றும் அகலத்தில் ஐந்து புள்ளி, உயரத்தில் எட்டு. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ப, ட், ட, ம் என்று நான்கையும் வரைந்து, கறுத்த கட்டத்துக்கு 1, வெள்ளைக்கு 0 என்று எழுதினால் திரையில் பட்டம் என்று வந்து நிற்கும். எங்கள் திண்ணையில் அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி அன்றைக்குத்தான் எழுந்து நின்று எல்லோருக்கும் விளக்கினாள். இரும எண் என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்க வேண்டியே வரவில்லை.

அடுத்தது பட்டன். இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. பட்டனின் ஒரு காலைப் பின்னிலும் மறு காலை 5 வோல்ட்டிலும் மட்டும் செருகினால், அழுத்தாதபோதும் அழுத்தியது போலப் போர்டு உளறும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே எண் மாறும். பிள்ளைகள் போர்டு கெட்டுப்போச்சு என்பார்கள். எதனோடும் சேராத பின் காற்றில் தொங்கும் நூல் மாதிரி, சுற்றிலும் இருக்கும் மின்புலமெல்லாம் அதை ஆட்டும். ஊனோவின் சிப்புக்குள்ளேயே 20 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் ஓம் வரையிலான ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. இன்புட் புல்அப் என்று எழுதினால் அது பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துக் கட்டிவிடும். பட்டனின் மறு காலை இப்போது கிரவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அழுத்தினால் 0, விட்டால் 1 என்று தலைகீழாக வரும். இதையும் முதலில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் தப்பாகத்தான் எழுதுவார்கள், அது நல்லது.

நேரக் கணக்கில் வரும் ஒரு பிழையைச் சொல்லாமல் விட முடியாது. பர்கூர் பக்கத்துப் பையன் ஒருவன், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு மாற வேண்டும் என்று, இத்தனை மில்லி விநாடி காத்திரு என்று சொல்லும் டிலே கட்டளைக்குள் 60 × 1000 என்று எழுதினான். விளக்கு ஒருமுறை எரிந்தது, அப்படியே நின்றுவிட்டது. கம்பியை மாற்றினான், போர்டை மாற்றினான், மூன்று ஞாயிறு போனது. பிறகு பெருக்கின விடையைத் திரையில் போடச் சொன்னேன். 60000 வரும் என்று நோட்டில் எழுதிவிட்டு ஓட்டினான். வந்தது மைனஸ் 5536. ஊனோ சாதாரண முழு எண்ணை 16 பிட்டில் வைக்கிறது, அதில் 32767-க்கு மேல் அடங்காது. நிரம்பி வழிந்து மறுபக்கம் மைனஸில் போய் விழுகிறது. டிலே கட்டளைக்கு மைனஸ் தெரியாது. அதை அது 429 கோடி மில்லி விநாடிக்கும் மேலாக எடுத்துக்கொள்கிறது, அதாவது 49 நாளுக்கு மேல் காத்திரு என்று. நேராக 60000 என்று எழுதினால் இந்தச் சிக்கலே வராது. அந்தப் பையன் இப்போது எந்தப் பெருக்கலைப் பார்த்தாலும் அடங்குமா என்று கேட்கிறான். போனில் ஏஐயிடம் கேட்டால் முழு புரோகிராமையும் எழுதிக் கொடுக்கும், வாங்கிக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் ஓட்டும் முன் ஊகத்தை எழுதும் சட்டம் அதற்கும் பொருந்தும்.

இனி தக்காளித் தோட்டம். பாப்பாவின் ஆசையே இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

கிட்டில் இரண்டு பல் உள்ள முள்கரண்டி மாதிரி ஒரு மண் ஈர சென்சார் இருக்கும். அது உண்மையில் ஈரத்தை அளப்பதில்லை. இரண்டு பல்லுக்கும் நடுவே மண் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளக்கிறது. ஈரமானால் அதிகம் கடத்தும் என்பதால் ஊகித்துக்கொள்கிறோம். வீட்டிலேயே சோதிக்கலாம். உங்கள் தோட்டத்துச் செம்மண்ணை வெயிலில் காயவைத்து ஒரு டம்ளர், தண்ணீர் ஊற்றி ஊறவைத்து ஒரு டம்ளர். ஊனோ 0 முதல் 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகச் சொல்லும். இந்த வகை சென்சாரில் காய்ந்த மண் 1023-க்குப் பக்கத்தில் நிற்கும், ஈரம் ஏற ஏற எண் இறங்கும். இரண்டு டம்ளரின் எண்ணையும் குறித்த பிறகு, ஈர மண்ணில் ஒரு சிட்டிகை பொட்டாஷ் உரத்தைக் கரைத்து ஊற்றி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பெரிதாகக் கூடவில்லை, எண் மட்டும் சட்டென்று இறங்கும். உரம் வைத்த மறுநாள் இந்த சென்சாரை நம்பித் தண்ணீரை நிறுத்தினால் செடி வாடும். இந்த ஒரு சோதனை பத்து வீடியோவுக்குச் சமம்.

இன்னொரு குறை, அந்தப் பல் அரித்துப்போகும். ஈர மண்ணில் ஒரே திசையில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மின்பகுப்பு நடந்து உலோகப் பூச்சு கரைந்துவிடும். எப்போதும் 5 வோல்ட்டில் வைக்காமல், சென்சாரின் மின்சாரக் காலை ஒரு பின்னில் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை உயிர் கொடுத்து அளந்து அணைத்துவிட்டால் ஆயுள் பல மடங்கு கூடும். நிரந்தரமாக வைப்பதென்றால், உலோகம் மண்ணைத் தொடாத கெபாசிட்டிவ் வகை கிடைக்கிறது. அதற்கும் டம்ளர் சோதனை வேண்டும்.

சரி, எண் வந்துவிட்டது, மோட்டாரை ஓட்டலாமா? இந்த இடத்தில் உங்களிடமும் வீட்டு அப்பாவிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாப்பா திறக்கக் கூடாது. அதில் இருப்பது 415 வோல்ட் மூன்று ஃபேஸ். சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சுக்கு ரிலே என்று பெயர். கிட்டில் வரும் நீல ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துத் தாங்கும் என்று நினைத்துவிடுவார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போல ஆறேழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் பிறகு எந்த புரோகிராமாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. அதைவிட முக்கியமான இன்னொன்று. மோட்டார் தானாகக் கிளம்பும் என்பது தெரியாமல் கிணற்றில் ஒருவர் இறங்கியிருக்கலாம், குழாய் மாட்டிக்கொண்டிருக்கலாம். தொழிற்சாலையில் நாங்கள் மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் இயந்திரத்தில் கை வைப்போம். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் தானியங்கியை வைப்பது ஆபத்து.

பாப்பா செய்யக்கூடியது இது. ஒரு பையில் ஒரு தக்காளிச் செடி, பக்கத்தில் ஒரு பக்கெட், அதற்குள் 5 வோல்ட்டில் ஓடும் சின்ன பம்ப், பம்ப்புக்குத் தனியாக பேட்டரி. நடுவில் ரிலே. தோட்டத்தில் வரும் எல்லாப் பிரச்சினையும் இந்த ஒரு செடியில் வரும். போர்டின் 5 வோல்ட்டிலேயே பம்ப்பையும் ஓட்டினால், பம்ப் கிளம்பும்போது வோல்ட் சரிந்து போர்டு புதிதாக ஆரம்பிக்கும். ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லி ஆம்பியர் கேட்கும், ஊனோவின் ஒரு பின் அவ்வளவு கொடுக்காது, அதனால்தான் பின்னின் சின்ன மின்னோட்டத்தால் பெரியதைத் திறந்துவிட ரிலே போர்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு டயோடும் இருக்கும். சுருளை அணைக்கும் கணத்தில் அதற்குள் சேர்ந்த காந்த சக்தி பெரிய வோல்ட்டாகத் திருப்பி அடிக்கும், அதைச் சுற்றவிட்டு அடக்குவது அந்த டயோடு.

பிறகு புரோகிராம். எண் 700-க்கு மேல் போனால் பம்ப் ஓடு, கீழே வந்தால் நில் என்று எழுதினால் என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். 699, 701, 699 என்று ஆடும்போது ரிலே டக் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். 700-க்கு மேல் ஓடு, 500-க்குக் கீழ் நில் என்று நடுவே இடைவெளி விட வேண்டும். அந்த 700-ம் 500-ம் என் எண்கள், அவளுடையவை டம்ளர் சோதனையிலிருந்து வர வேண்டும். மண்ணில் இருக்கும் சென்சார் பல்லுக்குப் போகும் கம்பி பிடுங்கிக்கொண்டால்? எண் 1023 வரும், மண் காய்ந்துவிட்டது என்று போர்டு நம்பும், பக்கெட் காலியாகும் வரை பம்ப் ஓடும். அதனால் ஒரு தடவைக்கு இருபது விநாடிக்கு மேல் ஓடாதே என்று ஒரு வரி வேண்டும். அந்த வரியை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். வேண்டுமென்றே அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு என்ன நடக்கிறது என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செடி பிழைத்த பிறகு மாடித் தொட்டிக்குப் போகலாம். அல்ட்ராசோனிக் சென்சாரை மூடியில் மாட்டி, ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை மைக்ரோ விநாடியில் வாங்கி 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வரும். அந்த 58 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதே ஒரு நாள் வேலை: 20 டிகிரியில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது, ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப 58 மைக்ரோ விநாடி. நம் ஊர்ச் சித்திரை மதியத்தில் 38 டிகிரி என்றால் ஒலி இன்னும் வேகம், விநாடிக்கு ஏறக்குறைய 354 மீட்டர். அப்போது ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் தண்ணீரை 97 என்று காட்டும். காலையிலும் மதியத்திலும் அளந்து பாப்பாவே இதைப் பிடித்தால், அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஒரு பொருள் கெட்டுப்போனால் முழு கிட் வாங்க வேண்டாம், உதிரியாகக் கிடைக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு பஸ் ஏறினால் 90 கிலோமீட்டர் சொச்சம், டவுன் ஹால் பக்கம் எஸ்.பி. ரோடு முழுக்க இதே கடைகள்தான். ஒருமுறை அவளை அழைத்துக்கொண்டு போய், அவளே கேட்டு வாங்கட்டும். வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டை அங்கே காட்டுவார்கள், நல்ல போர்டு. ஆனால் அதன் பின்கள் 3.3 வோல்ட், இந்த கிட்டின் சில சென்சார்கள் 5 வோல்ட் திருப்பிக் கொடுப்பவை, நேராகச் செருகினால் கெடும். ஊனோவில் மீட்டரும் நோட்டும் பழகிய பிறகு அதற்குப் போகட்டும்.

இந்த வாரம் பெட்டியை இறக்குங்கள். சிவப்பு எல்இடிக்கும் நீல எல்இடிக்கும் ஊகித்த எண், வந்த எண் இரண்டையும் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எங்கே வித்தியாசம் வந்தது என்று அவளோடு சேர்ந்து பார்க்கிறேன்.